கொக்கிப் பாரம்

தராசடியில் நின்றவர்கள்: என் புருசன். அவரோடு சேர்ந்து கலியாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்குக் கொடுக்கிற கூட்டாளி. டீசல் பிக்கப் விற்க வந்த இத்தாலிக்காரன். தராசுக் கொட்டிலுக்குள் கோப்பியோடு ஒரு பிரெஞ்சுக் கிழவர். அவள். நான்.

அவள் என் புருசனின் மச்சாள். சொந்தத் தாய்மாமன் மகள். ஊரில் இரண்டு பேருக்கும் கலியாணம் பேசியிருந்தார்கள். பிறகு சண்டை. அவள் பிரான்சுக்குப் போனாள். இவர் மொன்ட்ரியாலுக்கு வந்தார். பேச்சு நின்றுவிட்டது. வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்காதது.

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முறைக்கு நான் அவளுக்குத் தங்கச்சி. எழுதும்போது அவள்.

பிரான்சில் ஒருவரைக் கட்டி, பிரிந்து, தனியாக இங்கே வந்தாள். தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூப் பக்கம் வேலை. கோடை விடுமுறைக்குச் சனங்கள் இழுத்துக்கொண்டு போவார்களே, கட்டில் அடுப்பெல்லாம் வைத்த ட்ரெயிலர், அதை விற்கிற இடம். வாங்கியவர்களின் வாசலுக்கு இழுத்துப்போய் விடுவது அவள் பொறுப்பு. சொந்தமாக ஒரு வெள்ளைப் பிக்கப் வைத்திருந்தாள். பெற்றோல்.

நெடிய ஆள். கால் நீளம். அதை நான் எங்கள் பழைய வான் வண்டியில் தெரிந்துகொண்டேன். பிரேக்கில் ஏதோ சத்தம் என்று இவர் சொல்ல, அவள் பக்கத்துச் சீற்றில் இருந்து கேட்டுப் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் கடைக்குப் போக நான் ஏறினேன். சீற் முழுக்கப் பின்னுக்குப் போயிருந்தது. என் கால் எங்கும் முட்டவில்லை. கம்பியைப் பிடித்து முன்னுக்கு இழுத்தேன். இவர் பார்த்தார். 

கூட்டாளி இருந்த நாளில் அந்தச் சீற் ஒரு பக்கம் சாயும். அவள் இருந்த நாளில் பின்னுக்குப் போகும். நான் இருந்ததற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை.

எனக்கும் அந்தத் தொழிலில் கை இருந்தது. மணவறைக்குத் துணி நான்தான். பின் திரை, தூணுக்குச் சுற்றுகிறது, மேடைக்குக் கீழே சுருக்கு வைத்துத் தொங்க விடுகிறது. கிழமை நாட்களில் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறேன். பஸ், மெட்ரோ, பிறகு இன்னொரு பஸ். வந்து சமைத்துவிட்டு மெசினில் இருப்பேன். சிவப்பு வெல்வெட்டில் சரிகைக் கரை வைத்து அந்தப் பின் திரையைத் தைக்க ஒரு குளிர்காலம் முழுவதும் போனது.

அது நிமிர்ந்து தொங்குவதை நான் பார்த்ததில்லை. வானில் இரண்டு சீற். இவருக்கு ஒன்று, கூட்டாளிக்கு ஒன்று. பின்னுக்கு முழுவதும் சாமான். கலியாணம் ஒட்டாவாவில், ரொறன்ரோவில். தூக்குகிற வேலைக்குப் பொம்பிளை எதற்கு என்று கூட்டாளி சொல்லுவான். இவர் இல்லை என்று சொல்ல மாட்டார். போன் படத்தில் மாப்பிள்ளை பொம்பிளையின் முகம்தான் வரும். பின்னால் சிவப்பாக ஏதோ தெரியும். அதுதான் என் திரை.

பிக்கப் வாங்கப் போகிறோம் என்றார்கள். நான் நினைத்தது ஒன்று. பிக்கப்பில் பின்னுக்கும் சீற் உண்டு.

இவர் வீட்டில் கதைக்கிற ஆள் இல்லை. தேத்தண்ணி. வான் திறப்பு எங்கை. லைட்டை நிப்பாட்டும். இதற்கு மேல் வராது. அவள் வந்து பொனட்டைத் திறந்தால் வரும். கியர், அச்சு, இழுவை, ரேடியேற்றர். கைகளை ஆட்டி ஆட்டிக் கதைப்பார். அவ்வளவு சொற்கள் அவருக்குள் இருந்தன என்பதை நான் மூன்றாம் மாடி யன்னலில் நின்றுதான் அறிந்தேன்.

அவளுக்கு ஒரு குணம். எதைக் கேட்டாலும் முதலில் பாரம் கேட்பாள். யார் யார் என்று கேட்பாள். அது தெரியாமல் வாயைத் திறக்க மாட்டாள்.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கார் விடுகிற இடம். புதிதாக வாங்கிய ட்ரெயிலர் நின்றது. மணவறை முழுவதும் அதற்குள். தூண்கள், யானைகள், மேல்விதானம். வான் அதை இழுக்காது. டீசலா பெற்றோலா என்று இரண்டு கிழமையாக வீட்டில் இதே கதை. அன்றைக்கு அவளும் வந்தாள்.

கூட்டாளி தொடங்கினான். "டீசல் எண்டா டீசல்தான் அண்ணை. கொழும்பு லொறி எல்லாம் என்னத்திலை ஓடினது? பெற்றோலிலையே?"

"ஓம், இழுவைக்கு டீசல்தான்," என்றார் இவர்.

அவள் ட்ரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றினாள். "பாரம் என்ன?"

"சரியான பாரம்," என்றான் கூட்டாளி.

"எவ்வளவு எண்டு கேட்டனான்."

"ஒரு தூண் தூக்க நாலு பேர் வேணும் அக்கா."

"எந்த நாலு பேர்? உன்னை மாதிரி நாலு பேரோ, மச்சானை மாதிரி நாலு பேரோ?"

இவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். நான் கொண்டுவந்த துணிப் பெட்டியை ட்ரெயிலருக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன். படிக்கட்டில் நின்று மிச்சத்தைக் கேட்டேன்.

"கிழமைக்கு எத்தினை நாள் இழுப்பாய் மச்சான்?"

"சனி. சில நேரம் ஞாயிறு."

"மிச்ச நாள்?"

"கடை. கோயில்."

"டீசலுக்கு நீள ஓட்டம் வேணும். கடைக்கும் கோயிலுக்கும் ஓடினா புகைக்குழாயிலை கரி அடைக்கும். அதோடை தை மாசம் கலியாணம் வரும். அந்தக் குளிருக்கு இரவிரவா எஞ்சினைச் சூடாக்கக் கறண்ட் வயர் கொழுவி வைக்க வேணும். நீ மூண்டாம் மாடியிலையிருந்து வயர் விடப்போறியோ?"

"அப்ப டீசல் கூடாது எண்டுறியோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. பெரும் பாரத்தை நாள் முழுக்க மலையிலை இழுக்கிறவனுக்கு டீசலை விட்டா வேறை இல்லை. நீ என்னத்தை இழுக்கிறாய், ஆரை ஏத்துறாய் எண்டு தெரியாமல் நான் என்னெண்டு சொல்லுறது? நிறுத்துப்போட்டுக் கதை."

நீ என்றாள். நான் கட்டி இவ்வளவு காலத்தில் இவரை நீ என்றதில்லை.

அவளுக்குச் சமைக்கத் தெரியாது. அவள் வைத்த குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன். உப்பும் இல்லை, புளியும் இல்லை. அதை நான் எல்லோருக்கும் சொன்னேன். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட வந்தாள். ஆட்டிறைச்சி, புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி. என் சமையலைக் காட்டத்தான் செய்தேன். இவருக்கு, கூட்டாளிக்கு, அவளுக்கு என்று சாப்பாட்டுக் கோப்பை வைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையைப் பார்த்தாள். இருக்கவில்லை.

"தங்கச்சி, உன்ர கோப்பை எங்கை?"

"நான் பேந்து சாப்பிடுவன் அக்கா."

"ஏன் பேந்து?"

"நீங்கள் சாப்பிடுங்கோ."

அவளே அலுமாரியைத் திறந்து நாலாவது கோப்பையை எடுத்து வைத்தாள். நான் இருந்து புட்டைப் பிசைந்தேன். என் வீட்டு அலுமாரி. என் கோப்பை. அவள் எண்ணுகிறாள். இவர் தலையைக் குனிந்து இறைச்சியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை ஒரு பிறந்தநாள் வீடு. கோட்-டெ-நெய்ஜில் ஏழாம் மாடி. எல்லோரும் லிப்டுக்குள் ஏறினோம். கேக், சோற்றுச் சட்டி, சோடாப் பெட்டிகள். அவள் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே ஒட்டியிருந்த தகட்டை வாசித்தாள். பிறகு கூட்டாளியைப் பார்த்தாள்.

"தம்பி, நீ இறங்கு."

"ஏன் அக்கா நான்?"

"உன்னை இறக்கினா ஒராளோடை போச்சு. உன்னை விட்டா ரெண்டு பேரை இறக்க வேணும்."

லிப்டே சிரித்தது. அவன் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு படியால் ஏறினான். ஏழாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவன் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. இவர் அந்தக் கதையை ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார். நான் சொன்ன எதையாவது அவர் வெளியில் போய்ச் சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தேன்.

ஒட்டாவாக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கலியாணத்துக்கு முதல் நாள் எங்கள் வான் நின்றுவிட்டது. அவள் தன் பிக்கப்போடு வந்தாள். ட்ரெயிலரைக் கொழுவினாள். அவளும் இவரும் முன்னுக்கு, கூட்டாளி பின்னுக்கு. இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. எனக்கு அன்றைக்கு வேலை. ஒருத்திக்குச் சுகமில்லை, அவளுடைய தளத்தையும் என்னிடம் தந்திருந்தார்கள்.

கலியாணம் முடிந்த அடுத்த நாள் பின்னேரம் ட்ரெயிலர்ப் பூட்டின் திறப்பைக் கொடுக்க வந்தாள். வாசலில் நின்றபடி சொன்னாள்.

"தங்கச்சி, உன்ர திரை நல்ல வடிவு. லைட் பட்டா நெருப்பு மாதிரி. ஆனா இடப்பக்கம் நாலு விரல் கூடத் தொங்குது. அந்தப் பக்கத்துத் தூண் உயரம் கட்டை போல."

நான் தைத்த திரை. நான் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள். நாலு விரல் என்று அளந்தும் விட்டாள். குறை சொன்னதுகூடப் பரவாயில்லை. வடிவு என்று சொன்னதுதான் கொதித்தது.

"பாத்துச் செய்யிறன்," என்றேன். கதவைச் சாத்தினேன்.

இப்போது எங்களிடம் நிற்பது பெற்றோல் பிக்கப். சாம்பல் நிறம். பின் சீற்றில் வலப்பக்கம் எனக்கு. முதல் முறை ரொறன்ரோ மண்டபத்தில் என் திரையின் முன்னால் நின்றேன். லைட் போட்டார்கள். அவள் சொன்ன மாதிரித்தான் இருந்தது. இடப்பக்கம் நாலு விரல் கூட. ஊசியால் குத்திச் சரிசெய்தேன். வேறு ஏதாவது அவள் பிழையாகச் சொல்லியிருக்கிறாளா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மலையில் பிக்கப் மூச்சு வாங்கும். டீசல் என்றால் இப்படிச் சத்தம் போடாது என்று கூட்டாளி ஒவ்வொரு முறையும் சொல்லுவான். அந்தச் சத்தம் பெரிதாகி ஒரு நாள் நின்றுபோனால் நல்லது என்று நானும் சில முறை நினைத்தேன். அவள் வாக்குப் பிழைத்தது என்று இவர் சொல்லக் கேட்க வேண்டும் போல் இருந்தது. பிக்கப் நிற்கவில்லை. ஏறி இறங்கும். இறங்கினதும் இவர் சொல்லுவார், மச்சாள் கணக்குச் சரி.

அவள் பிறகு மேற்கே போய்விட்டாள். கல்கரிப் பக்கம். அங்கே பெரிய ட்ரெயிலர்களை மலைகளுக்கு மேலால் நாள் முழுக்க இழுக்கிற வேலை. வெள்ளைப் பிக்கப்பை விற்று டீசல் வாங்கினாள். சொல்லிவிட்டுப் போக வந்தாள். கூட்டாளிக்குக் கொண்டாட்டம்.

"எங்களுக்குப் பெற்றோல், உங்களுக்கு டீசல். நல்ல ஞாயம் அக்கா."

"எனக்கு ஏத்த ஆள் இல்லைத் தம்பி. ஒரு பையும் நானும். மிச்சம் எல்லாம் கொக்கிக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவர் சிரிக்கவில்லை. அவள் போன பிறகும் கார் விடுகிற இடத்தில் நின்றார். நான் யன்னலில் நின்றேன். அவர் உள்ளே வரும்வரை நான் நகரவில்லை. அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இனித் தராசு. பெற்றோல் வாங்குவதற்கு முதல் நடந்தது.

சென்ட்-ஆன் பக்கத்தில் வயல் காணிகளுக்கு நடுவே வைக்கோலும் சோளமும் நிறுக்கிற ஒரு இடம். லொறியோடு ஏற்றி நிறுக்கலாம். அங்கிருந்த கிழவர் அவளுக்குப் பழக்கம். போன்ழூர் என்றார். அவள் அவரோடு பிரெஞ்சில் ஏதோ பகிடி விட்டாள். இத்தாலிக்காரனும் சிரித்தான். எங்கள் மூன்று பேருக்கும் விளங்கவில்லை.

ட்ரெயிலரை இழுத்து வந்த அவளுடைய வெள்ளைப் பிக்கப்பில் நான் வந்தேன். இவரும் கூட்டாளியும் வானில். என்னை ஒருவரும் வரச் சொல்லவில்லை. இவரையும் அவளையும் ஒன்றாக விடக்கூடாது என்று நானாகத்தான் ஏறினேன்.  இறங்குகிற நேரம் அவள் கேட்டாள். "ஒட்டாவாவுக்கு ஏன் நீ வரேல்லை?"

"வேலை."

"அதுக்கு முதல்?"

"இடமில்லை அக்கா."

அவள் தலையை ஆட்டினாள்.

இத்தாலிக்காரன் தன் டீசல் பிக்கப்பின் பொனட்டைத் திறந்தான். இவரும் கூட்டாளியும் தலையை உள்ளே விட்டார்கள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சாரதிக் கதவைத் திறந்து நிலையில் ஒட்டியிருந்த தாளை வாசித்தாள். ஆளும் சாமானும் சேர்ந்து இதற்கு மேல் ஏறக்கூடாது என்று கம்பனி ஒட்டுகிற தாள்.

"தொளாயிரத்து அறுவது கிலோ," என்றாள். "இதே பிக்கப் பெற்றோல் எண்டா இன்னும் முந்நூறு தாங்கும்."

கூட்டாளி தலையை வெளியே எடுத்தான். "டீசல்தானே அக்கா பலம் கூட?"

"இழுக்கிறதுக்குப் பலம் கூட. முதுகிலை தாங்குறது குறைவு. டீசல் எஞ்சின் தானே ஒரு பாரம். அதையும் அதுதான் சுமக்க வேணும்."

"ட்ரெயிலர் அதின்ர சில்லிலை தானே நிக்குது."

"முன்பக்கம் கொக்கியை அமத்தும். அந்தக் கொக்கிப் பாரம் முழுக்கப் பிக்கப்பின்ர முதுகிலை. ஏத்து, பாப்பம்."

வெறும் பிக்கப்பைத் தராசில் ஏற்றி, எண் காட்டுகிற பலகையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். பிறகு ட்ரெயிலரைக் கொழுவினார்கள். பின்பெட்டியில் ஜெனரேற்றர், குத்துவிளக்குகள், கம்பளச் சுருள்கள். கலியாணத்துக்குப் போகிற நாளில் எப்படியோ அப்படியே ஏற்ற வேண்டும் என்றாள். இவர் சாரதி சீற்றில். கூட்டாளி பக்கத்தில். பிக்கப்பின் நாலு சில்லும் தராசில். ட்ரெயிலரின் சில்லுகள் வெளியே.

பலகையில் சிவப்பு எண் ஓடியது. அந்தத் தராசு பத்துப் பத்தாய்த்தான் காட்டும். கூட்டாளி வயிற்றை எக்கிக்கொண்டு இருந்தான்.

"தம்பி, மூச்சை விடு. காத்துக்குப் பாரம் இல்லை."

அவன் விட்டான். எண் மாறவில்லை. தொளாயிரத்து நாற்பது.

"பாத்தீங்களே அக்கா. இருவது கிலோ இன்னும் கிடக்கு. எல்லாம் ஏத்தியாச்சு. அப்ப டீசல் சரி."

இத்தாலிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. முகம் தெரிந்தது. கையை நீட்டினான். இவரும் யன்னலால் கையை நீட்டினார்.

"பொறு மச்சான்," என்றாள் அவள். "எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம்."

"ஆர் ஆர்?"

"நானும் இவனும்."

"வடிவா எண்ணு."

இவர் பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தார். என் துணிப் பெட்டி இருந்தது.

"பெட்டி ஏத்தியாச்சு," என்றார்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் தராசுக்கு வெளியே சரளைக் கல்லில் நின்றேன். இவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் பார்த்த பக்கம் பார்த்தார். என்னைக் காண அவருக்கு அவளுடைய கண் வேண்டியிருந்தது. அது இப்போதும் எனக்கு எரியும்.

"தங்கச்சி, ஏறு."

"நான் வரேல்லை அக்கா."

எனக்கு வேண்டிய சீற். அவள் கையால் வந்தது. அதனால் அப்படிச் சொன்னேன்.

"வாறதும் வராததும் உன்ர விருப்பம். பாரத்துக்கு ஏறு."

கூட்டாளி முணுமுணுத்தான். "அண்ணி ஏறினா டீசல் சரிவராது."

 இவர் இருந்த இடத்தில் இருந்தே கையைப் பின்னுக்கு எட்டிப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார். ஒரு ஆள் இருக்கிற அளவுக்குத் தள்ளினார்.

முதல் நாள் மழை. என் சப்பாத்தில் சேறு அப்பியிருந்தது. தட்டிவிட்டுத்தான் எந்த வண்டியிலும் ஏறுவேன். அன்றைக்குத் தட்டவில்லை. கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன்.

பலகையில் சிவப்பு எண்கள் ஆடின. நின்றன.

ஆயிரம்.